வெள்ளிவீதியாரின் வாழ்க்கை தெரியாமல் அவர் பாட்டு புரியுமா?

02.06.2024 – ஒரு வாசகர் கேட்டது

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குறுந்தொகையிலிருந்து சங்ககாலப் பெண்புலவர் வெள்ளிவீதியாரின் பாட்டுகள் சிலவற்றை நடத்தப் போகிறேன். கணவனைப் பிரிந்து ஊர் ஊராகத் தேடி அலைந்தவர் என்று அவர் வரலாற்றை முதலில் சொல்லிவிட்டால் பாட்டு தானாக விளங்கிவிடும் என்பது என் கருத்து. கவிஞரைத் தெரிந்துகொண்டால்தானே கவிதை? மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லலாம்.

02.06.2024, இரவு

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. அந்த வரலாறு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

நம் கையில் இருப்பவை அவர் பெயரில் வரும் பதின்மூன்று சங்கப் பாட்டுகள். குறுந்தொகையில் 27, 44, 58, 130, 146, 149, 169, 386. நற்றிணையில் 70, 335, 348. அகநானூற்றில் 45, 362. இவற்றுக்கு வெளியே ஒரே ஒரு சாட்சி அகநானூறு 147. அது ஔவையார் பாட்டு. அதில் வரும் தலைவி, ‘வெள்ளி வீதியைப் போல நன்றும் செலவயர்ந் திசினால் யானே’ என்கிறாள். வெள்ளிவீதியைப் போல நானும் கிளம்பிப் போய்விடத் துணிந்தேன் என்று பொருள். அவ்வளவுதான். கணவன் பெயர் இல்லை, ஏன் பிரிந்தான் என்பது இல்லை, கடைசியில் கிடைத்தானா என்பதும் இல்லை.

மிச்சக் கதையெல்லாம் அவருடைய பாட்டுகளிலிருந்தே எடுத்துக் கட்டியது. பாட்டிலிருந்து கதையை உருவி, அந்தக் கதையை வைத்தே பாட்டை விளக்கினால் நாம் புதிதாக எதைத் தெரிந்துகொண்டோம்? சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் நிற்போம்.

நான் கல்லூரியில் படித்தபோது இப்படித்தான் நடத்தினார்கள். மணி அடிக்கும்வரை புலவர் வரலாறு ஓடும். பாட்டுக்குக் கடைசியில் பதவுரை மட்டும் மிஞ்சும். தேர்வில் மதிப்பெண் வந்தது. பாட்டு உள்ளே இறங்கப் பல வருடம் ஆயிற்று.

03.06.2024

நேற்றுச் சொன்னதற்கு ஒரு சான்று. குறுந்தொகை 58:

இடிக்குங் கேளிர் நுங்குறை யாக
நிறுக்கல் ஆற்றினோ நன்றுமற் றில்ல
ஞாயிறு காயும் வெவ்வறை மருங்கிற்
கையில் ஊமன் கண்ணிற் காக்கும்
வெண்ணெய் உணங்கல் போலப்
பரந்தன் றிந்நோய் நோன்றுகொளற் கரிதே.

பேசுகிறவன் ஆண். தலைவன், தன்னைக் கடிந்துகொள்ளும் நண்பனிடம் சொல்கிறான். கணவனைப் பிரிந்த பெண்ணின் சொந்தப் புலம்பல் என்று வரலாற்றோடு உள்ளே போகிறவர் இந்தப் பாட்டை என்ன செய்வார்? ஒன்று, இது கணக்கில் சேராது என்று ஒதுக்குவார். இல்லையென்றால், பெண் தன் துன்பத்தை ஆண் வாயில் வைத்துச் சொன்னாள் என்று வளைப்பார். இரண்டிலும் பாட்டு கைநழுவிப் போகிறது.

யார், யாரிடம், எந்த நேரத்தில் பேசுகிறார் என்று கேட்டுக்கொண்டு படியுங்கள். வெயில் ஏறிய பாறை. அதன்மேல் வெண்ணெய். அது உருகுகிறது. காவலுக்கு இருப்பவனுக்குக் கை இல்லை, எடுத்து வைக்க முடியாது. பேச்சு இல்லை, யாரையும் கூப்பிட முடியாது. கண் மட்டும் இருக்கிறது, பரவுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். தன் காதல் நோயும் அப்படித்தான் பரவுகிறது என்கிறான் தலைவன். இதுவரை எல்லா உரையிலும் வரும்.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த இடம். இதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற நண்பனுக்குக் கையும் இருக்கிறது, வாயும் இருக்கிறது. வாயை மட்டும் பயன்படுத்துகிறான், அதுவும் இடித்துரைக்க. ‘உங்களால் நிறுத்த முடிந்தால் நல்லது’ என்று தலைவன் தொடங்குவது அதனால்தான். உவமை காதலனைப் பற்றியது, ஆனால் குத்துவது நண்பனை. யாரிடம் சொல்கிறான் என்பதைப் பிடிக்காதவருக்கு இந்தக் குத்து தெரியவே தெரியாது.

03.06.2024, சற்று நேரம் கழித்து

“அப்படியானால் கவிஞரே வேண்டாமா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டும். கவிஞரைத் தெரிந்துகொள்ள அவருடைய மற்றப் பாட்டுகள் இருக்கின்றன. அவர் எங்கே கண்ணை வைக்கிறார், எதை உவமையாக எடுக்கிறார், எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார் என்பதெல்லாம் கவிஞர்தானே? கல்யாணமும் பிரிவும் மட்டும்தான் ஒருவரின் வரலாறா?

05.06.2024

தேடி அலைந்தவர் என்ற கதைக்கு எல்லோரும் எடுக்கும் பாட்டு குறுந்தொகை 44.

காலே பரிதப் பினவே கண்ணே
நோக்கி நோக்கி வாளிழந் தனவே
அகலிரு விசும்பின் மீனினும்
பலரே மன்றஇவ் வுலகத்துப் பிறரே.

கால் நடை ஓய்ந்துவிட்டது, கண் பார்த்துப் பார்த்து ஒளி இழந்துவிட்டது, வானத்து மீனைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள் இந்த உலகத்தில், பிறர். ‘இதோ, தன் கணவனைத் தேடுகிறாள்’ என்று சொல்லத் தோன்றும். பாட்டுக்குக் கீழே இருக்கும் கூற்றை, அதாவது யார் எந்தச் சூழலில் சொன்னது என்ற குறிப்பைப் பாருங்கள்: செவிலித்தாய் இடைச்சுரத்தில் கையற்றுச் சொன்னது. காதலனோடு போய்விட்ட வளர்ப்பு மகளைத் தேடிப் பாலையில் நடக்கும் ஒரு தாய்.

தாய் என்று வைத்துப் படித்தால் ‘பிறரே’ எப்படி மாறுகிறது பாருங்கள். எதிரே இளம் ஜோடிகள் வருகிறார்கள். தூரத்தில் தெரியும்போது ஒவ்வொரு ஜோடியும் அவர்கள்தான் போலிருக்கிறது. கிட்டே வந்ததும் யாரோ. இன்னொரு ஜோடி. யாரோ. உலகத்தில் உள்ள அத்தனை பேரும் அவளுக்கு ‘அவள் இல்லாதவர்கள்’ ஆகிவிட்டார்கள். நாலே வரி. மகளின் பெயர் இல்லை, ஏச்சு இல்லை, அழுகை இல்லை. கடைசிச் சொல்லாகப் ‘பிறரே’ வந்து நிற்கிறது.

இதன் பக்கத்தில் 130-ஐ வையுங்கள். அதுவும் தேடல்தான். நிலத்தைத் தோண்டிக்கொண்டு உள்ளே போகமாட்டார், வானத்தில் ஏறமாட்டார், கடல்மேல் காலால் நடக்கமாட்டார். நாடு நாடாக, ஊர் ஊராக, குடி குடியாகத் தேடினால் நம் காதலர் தப்பிப் போவாரா? இது தோழி தலைவிக்குச் சொல்லும் தைரியம். வரிசையைக் கவனியுங்கள். முதலில் போகவே முடியாத மூன்று இடங்களைக் கழித்துவிடுகிறாள். பிறகு நாடு, அதற்குள் ஊர், அதற்குள் குடி என்று வலையைச் சுருக்குகிறாள். தலைவியின் பயத்துக்கு முன்னால் ஒரு திட்டத்தை வைக்கிறாள்.

ஒரே புலவர். ஒரு பாட்டில் தேடினால் யாரும் தொலைய முடியாது. இன்னொன்றில் தேடத் தேட உலகம் பெருகிக்கொண்டே போகிறது. இதில் எது வெள்ளிவீதியாரின் அனுபவம்? இரண்டையும் அவரால் எழுத முடிந்தது, அதுதான் அவரைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்தது.

05.06.2024, இரவு

கூற்றுகள் பிற்காலத்தில் சேர்ந்தவை, அவற்றை நம்பலாமா என்று ஒரு பதில் வந்திருக்கிறது. நியாயமான கேள்வி. 44-இல் செவிலி என்ற சொல் பாட்டுக்குள் இல்லை. கூற்றை மறைத்துவிட்டால் தேடுவது யாராகவும் இருக்கலாம்.

நான் கூற்றைத் தீர்ப்பாக எடுப்பதில்லை. அந்தப் பாட்டை நமக்கு முன்னால் படித்த, நம்மைவிட அந்த மரபுக்குப் பல நூற்றாண்டு பக்கத்தில் இருந்த ஒருவரின் வாசிப்பு அது. அதனால் மறைத்துவிட்டு ஒரு முறை, திறந்துவிட்டு ஒரு முறை படிப்பேன். திறந்தபிறகு பாட்டில் ஏதாவது ஒரு சொல் புதிதாகக் கனத்தால் அந்தக் கூற்று எனக்கு வேண்டும். 44-இல் அப்படிக் கனத்த சொல் ‘பிறரே’.

06.06.2024

ஓய்ந்த கால், ஒளி இழந்த கண் இரண்டும் வயதான உடம்புக்குப் பொருந்துகின்றன என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல கண். நான் அதைக் கவனித்ததில்லை. ஆனால் அது நடந்து வந்த களைப்பு என்பதற்கும் இடம் இருக்கிறது, வயதைப் பாட்டு சொல்லவில்லை.

08.06.2024

27-ஐப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்கிறார்கள். அதைத்தான் ஆசையாக வைத்திருந்தேன்.

கன்றும் உண்ணாது கலத்தினும் படாது
நல்லான் தீம்பால் நிலத்துக் காஅங்கு
எனக்கும் ஆகாது என்னைக்கும் உதவாது
பசலை உணீஇயர் வேண்டும்
திதலை அல்குலென் மாமைக் கவினே.

நல்ல பசுவின் இனிய பால் கன்றும் குடிக்காமல் கலத்திலும் விழாமல் மண்ணில் போவது போல, என் அழகு எனக்கும் ஆகாமல் என் தலைவனுக்கும் உதவாமல், பிரிவில் நிறம் வெளுக்கும் பசலை நோய் உண்ணப் போகிறது என்கிறாள் தலைவி.

மாமா வீட்டில் மாடுகள் உண்டு. விடுமுறைக்குப் போனால் விடியலில் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொள்ளும் வேலை என்னுடையது. முதலில் கன்றை அவிழ்த்துவிட வேண்டும். அது ஓடிப்போய் முட்டி முட்டிக் குடிக்கும், அப்போதுதான் மாடு சுரப்பு விடும். மடி இளகியதும் கன்றை இழுத்துப் பிடிக்க வேண்டும், அது தலையை ஆட்டித் திமிறும். அத்தை செம்பை முழங்கால் இடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்வார். ஆக, கன்று முதலில், கலம் பிறகு. பாட்டின் முதல் அடி அந்த வரிசையிலேயே போகிறது. உட்கார்ந்து யோசித்துச் செய்த உவமை மாதிரி இல்லை, கறவையைப் பார்த்துப் பழகிய கண்ணிலிருந்து வந்திருக்கிறது.

பால் கட்டிய மாடு யாரும் தொடாமலே சொட்டுவதையும் அங்கே பார்த்திருக்கிறேன். மண்ணில் விழுந்து ஊறிவிடும். எல்லோருக்கும் மனசு பதைக்கும். ஏனென்றால் பாலில் ஒரு குறையும் இல்லை, மாட்டிலும் குறையில்லை. ‘நல்லான்’, ‘தீம்பால்’ என்று இரண்டுக்கும் அடை கொடுத்துச் சொல்கிறார் பாருங்கள்.

இன்னொன்று. முதல் அடியில் கன்று உண்ணவில்லை. நாலாம் அடியில் பசலை உண்ண வருகிறது. உண்ண வேண்டியது உண்ணாமல் போக, நோய் வந்து உண்கிறது. அதோடு ‘எனக்கும் ஆகாது’ முதலில், ‘என்னைக்கும் உதவாது’ பிறகு. தன் அழகில் முதல் பங்கு தனக்கு என்று சொல்லும் பெண் இவள். கணவன் பிரிவால் வாடிய அபலை என்ற வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு படித்தவர்கள் இந்த ‘எனக்கும்’ மேல் நிற்காமல் தாண்டிப் போயிருக்கிறார்கள். எனக்கு இந்தப் பாட்டே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

09.06.2024

அகநானூறு 147-ஐ மறுபடி எடுத்து வாசித்தேன். முதல் பதிவில் அதை ஒரு சாட்சி என்ற அளவில் விட்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் பேச வேண்டும்.

‘மக்கள் நுதலிய அகனைந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்பது தொல்காப்பியம். அகப்பாட்டில் காதலிக்கிறவர் இன்னார் என்று பெயர் சொல்லக்கூடாது. ஆனால் உவமையில் பெயர் வரலாம். அந்த வாசல் வழியாகத்தான் வெள்ளிவீதி ஔவையின் பாட்டுக்குள் வருகிறார். வெள்ளிவீதியாரும் அகநானூறு 45-இல் இதையே செய்கிறார்: ‘ஆதிமந்தி போலப் பேதுற்று அலந்தனென் உழல்வென் கொல்லோ’ என்று அவருடைய தலைவி கேட்கிறாள். ஆதிமந்தி, காவிரி கொண்டுபோன தன் காதலன் ஆட்டனத்தியைத் தேடியவள். அவள் பெயரிலும் குறுந்தொகையில் ஒரு பாட்டு இருக்கிறது, 31: வீரர் கூடும் விழாவிலும் பெண்கள் தழுவி ஆடும் துணங்கையிலும் எங்கும் அவனைக் காணேன் என்று.

ஔவை வெள்ளிவீதியைச் சொல்கிறார், வெள்ளிவீதி ஆதிமந்தியைச் சொல்கிறார். மூன்று பெண்கள், ஒருவர் குரலை ஒருவர் எடுத்துக்கொண்டு பாடுகிறார்கள். இதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லியே ஆகவேண்டும் என்றால் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். ஒரு பெண் கவி இன்னொரு பெண் கவியைப் படித்திருக்கிறார் என்பதற்கு இது கண்முன் இருக்கும் சான்று.

ஔவை மனத்தில் இருந்தது உண்மையில் கிளம்பிப் போன வெள்ளிவீதியா, பாட்டில் கிளம்பிய தலைவியா? கிளம்பிய பெண் ஒருத்தி இருந்திருக்கலாம் என்ற பக்கம் என் மனம் இப்போது முன்பைவிடக் கொஞ்சம் சாய்கிறது. 147-இல் அந்தப் பெயர் வரும் தொனி, கேட்பவர்க்கு ஏற்கெனவே தெரிந்த செய்தியைச் சொல்வது போலிருக்கிறது. ஆனாலும் என் வாதம் மாறவில்லை. அவர் உண்மையிலேயே அலைந்திருந்தாலும் 58-இல் பேசுவது ஆண்தான், 27-இல் ‘எனக்கும்’ முதலில்தான்.

10.06.2024

“பாரதியை அவர் வாழ்க்கை இல்லாமல் படிக்க முடியுமா?” என்று கேட்டவருக்கு.

எந்தப் பாட்டு என்பதைப் பொறுத்தது. 1910-இல் வந்த ‘கனவு’ அவரே தன் வாழ்க்கையைச் சொல்வதாக வைத்த பாட்டு. தந்தையார் பொருள் இழந்தது, திருநெல்வேலியில் ஆங்கிலப் படிப்புக்குப் போனது எல்லாம் அதில் வருகின்றன. அங்கே எட்டயபுரத்தையும் தந்தை சின்னசாமி ஐயரையும் தெரிந்துகொள்ளாமல் போவது பாட்டுக்குச் செய்யும் அநியாயம். கண்ணன் பாட்டு அப்படி இல்லை. ஒரு பாட்டில் கண்ணன் தாய், ஒன்றில் சேவகன், ஒன்றில் காதலன். காதலன் என்று வரும்போது பேசுவது பெண். அங்கே புதுச்சேரி வாழ்க்கையைத் துழாவுவதைவிட, யார் யாரிடம் பேசுகிறார் என்ற சங்ககாலக் கேள்வியே பாரதிக்கும் உதவுகிறது.

புறநானூறும் இதே கணக்குத்தான். ‘அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்’ என்ற 112-ஆம் பாட்டைப் பாரி மகளிர் பாடியது, தந்தை இறந்து பறம்பு மலை பறிபோனபின் பாடியது என்று தெரியாமல் படித்தால் எந்தக் குன்று, எந்தத் தந்தை என்பதே விளங்காது. அங்கே செய்தி பாட்டின் ஒரு பாகம். ஆனால் பாரியின் நண்பர் கபிலர் பாடிய குறுந்தொகை 25-இல் பேசுவது ஒரு பெண். தலைவன் பொய் சொன்னால் என்ன செய்வேன், சாட்சிக்கு யாரும் இல்லை, தினைத்தாள் போன்ற கால் உடைய குருகு ஒன்று நின்றது, அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது என்கிறாள். பாரியின் மரணத்தை இந்தக் குருகோடு எப்படி ஒட்டுவீர்கள்? ஒரு பாட்டுக்கு வாழ்க்கை வேண்டும், இன்னொன்றுக்கு வேண்டாம்.

10.06.2024

செம்புலப்பெயனீரார் என்ற குறுந்தொகைப் புலவருக்கு அதுவே இயற்பெயர் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. ‘செம்புலப் பெயனீர் போல’ என்ற அவர் அடியிலிருந்தே பெயர் வைத்தார்கள். அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், குப்பைக் கோழியார், ஓரேருழவனார் எல்லோரும் இந்த வகை. பெயர்கூட நிற்காமல் ஒரு உவமை மட்டும் நின்றவர்கள். அவர்களை நாம் புரிந்துகொள்ளாமலா இருக்கிறோம்?

13.06.2024

சோகமே பேசிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு குறை வந்திருக்கிறது. சரிதான். வெள்ளிவீதியாரின் குறுந்தொகை 146-ஐ எடுங்கள், கல்யாணப் பேச்சு வீடு. கையில் தடி, நரைத்த தலையில் துணி, பெரியவர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பக்கம் ‘நல்லது நல்லது’ என்கிறார்கள், ஒரு பக்கம் ‘இன்றைய நாள் பெரிது’ என்கிறார்கள். தோழி எட்டிப் பார்த்துவிட்டு வந்து தலைவியிடம், நம் ஊரிலும் பிரிந்தவர்களைச் சேர்த்து வைக்கிறவர்கள் இருந்திருக்கிறார்கள் போலிருக்கிறதே என்கிறாள். என் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று கதவிடுக்கில் நின்று நாங்கள் கேட்டதும் கிட்டத்தட்ட இந்தச் சத்தம்தான். ஆள் முகம் தெரியாது, ‘நல்லதுங்க, நல்லதுங்க’ மட்டும் வந்துகொண்டிருக்கும்.

அலைந்து திரிந்த துயரக் கவி என்ற பெயர் ஒட்டியதால் யாரும் வகுப்பில் நடத்தாத பாட்டு இது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

15.06.2024

முதலில் கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். புலவர் பெயரைச் சொல்லாமல் 130-ஐயும் 44-ஐயும் அடுத்தடுத்துக் கொடுத்துப் பார்க்கப் போகிறாராம். மகிழ்ச்சி. அதோடு 58-ஐயும் சேருங்கள், கூற்றை மறைத்துவிட்டு. பேசுவது பெண் என்று ஒரு பிள்ளை சொன்னால் உடனே திருத்தாதீர்கள், எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறாய் என்று கேளுங்கள். பதில் வந்தபிறகு கூற்றைத் திறக்கலாம். இரண்டாவது வகுப்பில் 27, 146. அகநானூறு 45-ஐயும் ஔவையின் 147-ஐயும் கடைசிக்கு வைத்துக்கொண்டால், வெள்ளிவீதி என்ற பெயரைப் பிள்ளைகள் ஒரு கவியின் பெயராகக் கேட்பார்கள்.

நேரம் இருந்தால் நற்றிணை 348. நிலவு காய்கிறது, ஊர் விழாவில் இருக்கிறது, அவள் மட்டும் தூங்கவில்லை. முடிவில், ‘என்னொடு பொருங்கொல் இவ்வுலகம், உலகமொடு பொருங்கொல் என் அவலமுறு நெஞ்சே’ என்கிறாள். உலகம் என்னோடு சண்டைக்கு வருகிறதா, என் நெஞ்சு உலகத்தோடு சண்டைக்குப் போகிறதா? நான் இரண்டாவது பக்கம். பிள்ளைகள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதை இங்கே வந்து எழுதுங்கள்.